கடவுச்சொல் ஒன்றுக்கு ரூ. 11,800: நாகர்கோவில் வட்டாரத்தார் கவனத்திற்கு

என் மேசைமேல் ஒரு துண்டுச்சீட்டு கிடக்கிறது. பாதியாகக் கிழித்த கோடு போட்ட தாளில், நீல மையால் ‘சர்வீஸ் 11,800’ என்று எழுதி அடியில் ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். கடையின் பெயர் இல்லை, தேதி இல்லை, கையொப்பம் இல்லை. பதினோராயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு என்னிடம் மிஞ்சியிருக்கும் சான்று இது ஒன்றுதான். கணினியில் மின்னஞ்சல் திறக்கவில்லை என்றதும் கடைக்கு ஓடும் என் வயதுக்காரர்களுக்காக, நடந்ததையும், கடைக்குப் போகாமலே இதைச் சரிசெய்யும் வழிகளையும் விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் சில பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்து வருகிறேன். பக்கங்கள் மின்னஞ்சலில் வரும்; திருத்தி மின்னஞ்சலிலேயே அனுப்புவேன். வல்லினம் மிகுந்ததா, மிகவில்லையா என்று பார்க்கக் கைப்பேசித் திரை போதாது என்பதால், கணினியில் தண்டர்பேர்ட் என்னும் இலவச மின்னஞ்சல் நிரலை 2014 முதல் பயன்படுத்தி வருகிறேன். கூகுள் தரும் 15 ஜிபி இடம் நிரம்பத் தொடங்கியபோது, பழைய கடிதங்களை எல்லாம் அந்த நிரலிலேயே இருக்கும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்ற பகுதிக்கு மாற்றி வைத்தேன். அங்கே போன கடிதம் என் கணினியின் வட்டில் மட்டுமே இருக்கும், கூகுளில் இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத்தான் அழ வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் இருக்கும் மகள், ஏதோ சந்தேகத்துக்குரிய குறுஞ்செய்தி எனக்கு வந்திருந்ததைப் பார்த்துவிட்டு, கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை உடனே மாற்றச் சொன்னாள். சனிக்கிழமை இரவு கைப்பேசியிலேயே மாற்றினேன். திங்கட்கிழமை காலையில் தண்டர்பேர்டைத் திறந்தால், உள்நுழைவு தோல்வி என்று ஒரு சிறு பெட்டி வந்து நின்றது. மீண்டும் முயல், புதிய கடவுச்சொல் கொடு, விட்டுவிடு என்று மூன்று பொத்தான்கள். புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தேன், ஏற்கவில்லை. திரையின் ஓரத்தில் ‘அப்ளிகேஷன் ஸ்பெசிஃபிக் பாஸ்வேர்டு ரெக்வயர்டு’ (நிரலுக்கென்று தனிக் கடவுச்சொல் வேண்டும்) என்று ஒரு வரி எட்டிப்பார்த்துவிட்டு மறைந்தது.

இங்கே என் மடமையையும் சொல்லியாக வேண்டும். இந்த வரியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் இருந்தால் பிற நிரல்கள் உள்ளே நுழையலாம் என்றிருந்த ஏற்பாட்டைக் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தியபோது, இதே பெட்டி இதே போல் வந்து நின்றது. அப்போது மகன் தொலைபேசியில் வழிகாட்டி, கடவுச்சொல்லோடு கைப்பேசியிலும் ஒப்புதல் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடச் செய்து, நான்கு நான்காகப் பிரிந்த பதினாறு எழுத்துகள் கொண்ட ‘ஆப் பாஸ்வேர்டு’ ஒன்றை, அதாவது நிரலில் கொடுப்பதற்கென்று கூகுள் தரும் தனிக் கடவுச்சொல்லை, எடுக்கவைத்தான். அந்தப் பதினாறு எழுத்துகளும் என் அகராதியின் பின்னட்டையில் இன்றும் இருக்கின்றன. அவற்றையும் போட்டுப் பார்த்தேன், அவையும் செல்லவில்லை. கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் அதுவரை எடுத்த ஆப் பாஸ்வேர்டுகளைக் கூகுள் தானாகவே நீக்கிவிடும் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பழுது இவ்வளவுதான். நிரல் கெடவில்லை, கணினி கெடவில்லை, கணக்கை யாரும் களவாடவும் இல்லை. ஆனால் மகன் அப்போது கப்பலில், நடுக்கடலில் இருந்தான். வியாழக்கிழமைக்குள் நூற்று நாற்பது பக்கம் திருத்தி அனுப்ப வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம், மழைக்குப் பயந்து கணினிப் பெட்டியைப் பழைய வேட்டியிலும் அதன்மேல் பாலித்தீன் தாளிலும் சுற்றி, தக்கலையில் பேருந்து ஏறி, மடியில் வைத்துக்கொண்டே நாகர்கோவிலுக்குப் போனேன். கணினி பழுது நீக்கும் கடை அது; மாடியில் இரண்டு அறை. பெயர்ப்பலகையில் ‘கணினி’ என்பதைக் ‘கணிணி’ என்று எழுதியிருந்தார்கள். திருத்தச் சொல்லலாமா என்று படியேறும்போதே யோசித்தேன். வாடிக்கையாளன் சொல்வதற்கு இல்லை என்று விட்டுவிட்டேன்.

உள்ளே இருந்த இளைஞன் என்னைக் கண்டதும் எழுந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். விசிறியை என் பக்கம் திருப்பினான். எந்த ஊர் என்று கேட்டான், சொன்னேன். “சாரே, நீங்க வாத்தியாருதானே? எனக்க மாமன் மவன் உங்ககிட்டதான் தமிழு படிச்சான். நீங்க அடிச்ச அடிய இன்னும் சொல்லுவான்” என்றான். நான் நம்பியது இந்த இடத்தில்தான். முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் நான் ஒரு மாணவனையும் அடித்ததில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. வாத்தியார் என்று அவன் கண்டுபிடித்தது, என் சட்டைப்பையில் இருந்த சிவப்பு மைப் பேனாவைப் பார்த்தாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஒரு சொல்லில் மனம் குளிர்ந்து, அவன் வாங்கிக்கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, அவன் கேட்ட கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவன் அதை ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டான். உள்நுழைய முயல்வது நீங்கள்தானா என்று என் கைப்பேசி கேட்டது; ‘ஆம், நான்தான்’ என்பதை என் விரலாலேயே அழுத்தினேன்.

சற்று நேரம் எதையோ தட்டிவிட்டு, என் பக்கம் திரையைத் திருப்பி அதே ஆங்கில வரியைக் காட்டினான். “பாத்தீங்களா சாரே, இது உங்களுக்க பாஸ்வேர்டு இல்ல, அப்ளிகேஷனுக்க பாஸ்வேர்டு. கம்பெனிக்குக் காசு கட்டித்தான் எடுக்கணும். லைசென்ஸ் மாதிரி” என்றான். பத்தாயிரம் ரூபாய், அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி ஆயிரத்து எண்ணூறு, ஆக மொத்தம் 11,800. கணக்கு அவ்வளவு துப்புரவாக இருந்ததால், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு நிறுவனம் இருக்கிறது என்றே எண்ணிக்கொண்டேன். யுபிஐ வழியாக அனுப்பும்போது, பெறுபவர் பெயராகக் கடையின் பெயர் வராமல் வேறு ஓர் ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். “மொதலாளிக்க அக்கவுண்டு சாரே” என்றான். அனுப்பினேன். பெட்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னான். இரண்டு நாளாகும் என்றான்.

வியாழக்கிழமை போனேன், பொறியாளர் வரவில்லை என்றார்கள். நூற்று நாற்பது பக்கத்தைப் பதிப்பகம் வேறொருவரிடம் கொடுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து திறந்தேன். புதிய கடிதங்கள் வந்தன, அனுப்பவும் முடிந்தது. ஆனால் திரையின் படம் மாறியிருந்தது, என் தமிழ் எழுத்துருக்கள் ஒன்றும் இல்லை, லோக்கல் ஃபோல்டர்ஸ் பகுதியைச் சொடுக்கினால் வெறுமை. என்னைக் கேட்காமல் வட்டை அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவியிருக்கிறார்கள். 2014 முதல் 2021 வரை எழுத்தாளர்களோடும் பதிப்பாளர்களோடும் நடத்திய கடிதப் போக்குவரத்து முழுவதும் அதில் இருந்தது. அவர்களில் இருவர் இன்று உயிரோடு இல்லை.

அதன் பிறகு நான் கேட்ட பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். முதல் அழைப்பில், பழைய கடிதமெல்லாம் ‘கிளவுட்’டில், அதாவது இணையச் சேமிப்பில், கிடக்கும், ஒரு வாரத்தில் தானாக இறங்கிவிடும் என்றான் அந்த இளைஞன். ஒரு வாரம் காத்திருந்தேன். கணினியை அணைக்காமல் வைத்திருக்கச் சொன்னதால் இரவிலும் ஓடவிட்டேன். இரண்டாம் அழைப்பில், அந்தக் கோப்புறையில் வைரஸ் இருந்தது, அதனால்தான் எடுத்துவிட்டோம் என்றான். மூன்றாம் முறை நேரில் போனேன். மீட்டெடுக்க முடியும், அதற்குத் தனியாக 8,500 ஆகும் என்றான். மாமன் மகன் யார், எந்த ஆண்டு என்னிடம் படித்தான் என்று அன்றைக்குக் கேட்டேன். சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நான்காம் முறை முதலாளியே பேசினார். “பில்லு இருக்கா?” என்றார். நீங்கள் கொடுத்தது இந்தத் துண்டுச்சீட்டுதானே என்றேன். “இதுல எங்க கடப் பேரு எங்க இருக்கு?” என்றார். 1,800 ரூபாய் ஜிஎஸ்டி என்று வாங்கினீர்களே, அந்தப் பதினைந்து இலக்கப் பதிவெண்ணைச் சொல்லுங்கள் என்றேன். தொலைபேசி துண்டிக்கப்பட்டது.

நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இவன் உண்மையிலேயே என்னிடம் படித்தவன். நடந்ததைக் கேட்டுவிட்டு என் கைப்பேசியை வாங்கி, மின்னஞ்சல் பெட்டியில் படிக்காமல் கிடந்த ஒரு கடிதத்தைத் திறந்து காட்டினான். ‘உங்கள் கணக்கில் உள்நுழைய ஆப் பாஸ்வேர்டு ஒன்று உருவாக்கப்பட்டுள்ளது’ என்று கூகுள் அனுப்பிய பாதுகாப்பு அறிவிப்பு அது. வந்த நேரம், அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை 4.12. நான் பணம் அனுப்பிய நேரம் 4.31. அதாவது, நான் அந்த நாற்காலியில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் என்னிடம் 11,800 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கடவுச்சொல்லுக்குக் கூகுள் ஒரு பைசாவும் வாங்குவதில்லை. தண்டர்பேர்டுக்கு உரிமக் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

இதைவிட என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. ஆப் பாஸ்வேர்டு வைத்திருப்பவருக்கு இரட்டைச் சரிபார்ப்பு தேவையில்லை. அந்தப் பதினாறு எழுத்துகள் போதும், வேறெந்தக் கணினியிலிருந்தும் என் கடிதங்களைப் படிக்கலாம், என் பெயரில் அனுப்பலாம். அவற்றையும் அந்த நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. மாணவன் உடனே அதை நீக்கி, கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றினான். பிறகு தண்டர்பேர்டின் கணக்கு அமைப்பில், சர்வர் பகுதியில், அத்தாட்சி முறை என்ற இடத்தில் இருந்ததை ‘ஓஆத்2’ என்று மாற்றினான். கூகுளின் உள்நுழைவுப் பக்கமே நிரலுக்குள் ஒரு சாளரமாகத் திறந்தது. அங்கே நானே கடவுச்சொல்லைத் தட்டிக் கைப்பேசியில் ஒப்புதல் கொடுத்தேன். இந்த முறையில் பதினாறு எழுத்தும் வேண்டாம், அகராதியின் பின்னட்டையும் வேண்டாம். கடிதம் அனுப்பும் சர்வருக்கு இதே மாற்றத்தைத் தனியாகச் செய்ய வேண்டும் என்றான். பலர் அதை மறந்துவிட்டு, கடிதம் வருகிறது, போகமாட்டேன் என்கிறது என்று தவிப்பார்களாம். அமைப்புகளில் சேமித்து வைத்த பழைய கடவுச்சொற்களையும் அழித்தான். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்: ஆறு நிமிடம்.

பழைய கடிதங்களை மீட்க இரவு வரை முயன்றான். தண்டர்பேர்ட் ஒரு கோப்புறையில் உள்ள கடிதங்கள் அனைத்தையும் ஒரே நீண்ட கோப்பாக வைக்குமாம். அந்தக் கோப்பு போனால் எல்லாம் ஒன்றாகப் போகும். வட்டை அழித்த அன்றே கணினியை அணைத்து வைத்திருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும் என்றான். கிளவுட்டிலிருந்து இறங்கும் என்ற பேச்சை நம்பி நான் ஒரு வாரம் இரவும் பகலும் ஓடவிட்டதில், இருந்த இடத்தின் மேலேயே வேறு தரவுகள் எழுதப்பட்டுவிட்டன. பெயரில்லாத சில பக்கங்கள் மட்டும் கிடைத்தன. அவற்றில் ஒன்று மின்கட்டண ரசீது.

விரிவாக ஆலோசனை எழுதுவதாகத் தொடக்கத்தில் சொன்னேன். எழுத எழுதக் கோபம்தான் ஏறுகிறது, பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை: கைப்பேசியில் மின்னஞ்சல் திறந்து, கணினி நிரலில் மட்டும் திறக்கவில்லை என்றால், அண்மையில் கடவுச்சொல்லை மாற்றினீர்களா என்று முதலில் யோசியுங்கள். கடவுச்சொல்லைக் கடைக்காரரின் நாட்குறிப்பில் எழுதவிடாதீர்கள். பெட்டியைக் கடையில் விடுவதற்கு முன், கடிதங்களும் அமைப்புகளும் இருக்கும் தண்டர்பேர்டின் ‘புரொஃபைல்’ கோப்புறையை முழுவதும் ஒரு பென்டிரைவில் படியெடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி கேட்டால் பதிவெண் அச்சிட்ட பில்லைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். யுபிஐயில் வேறு ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த அளவுத் தொகைக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். யுபிஐ பதிவும், கூகுளின் 4.12 மணி அறிவிப்பும், இந்தத் துண்டுச்சீட்டும் இணைப்புகள். ரூ. 11,800-ஐ எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருக்கிறேன்.

இதைப் பதிவிடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கடைக்கு அழைத்துப் பார்த்தேன். “மொதலாளி சோறு திங்கப் போயிருக்காரு” என்றது ஒரு புதுக்குரல். மணி இப்போது மாலை ஐந்தேகால்.