ரம்பத்தோடு எந்த வேக்குவத்தை மாட்டுவது?

ப்ளைவுட் அறுக்கிற ரம்பத்துக்குப் பின்னால் தூசு உறிஞ்சும் கருவி ஒன்றை மாட்டலாம் என்று கிளம்பினால் நான்கு வழிகள் கண்ணில் படும். ஈரம், உலர்ந்த தூசு இரண்டையும் உறிஞ்சும் சாதாரண வெட் அண்ட் ட்ரை வேக்குவத்தை நேராக மாட்டுவது ஒன்று. அதே வேக்குவத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவில் சைக்ளோன் (தூளைச் சுழற்றிப் பிரிக்கும் கூம்பு) வைத்த வாளியைச் சேர்ப்பது இன்னொன்று. மூன்றாவது, ரம்பத்தின் சுவிட்சை அழுத்தினால் தானும் சேர்ந்து ஓடும் ஆட்டோ ஸ்டார்ட் எக்ஸ்ட்ராக்டர். நான்காவது, துணிப்பை தொங்கும் டஸ்ட் கலெக்டர். கடைக்காரரைக் கேட்டால் வாட்ஸ் கூடுதலாக இருப்பதைத்தான் எடுத்துக் காட்டுவார். முதலில் ரம்பத்தைத் திருப்பிப் பாருங்கள் என்பேன் நான். பாதி முடிவு அங்கேதான் இருக்கிறது.

நம் ஊர்த் தச்சர்கள் பலர் கையில் இருப்பது மார்பிள் கட்டர். கல் அறுக்கச் செய்த சின்ன மெஷினில் மரம் அறுக்கும் பிளேடை மாட்டிக்கொள்கிறார்கள். விலை குறைவு, எடை குறைவு, எந்த ஊரிலும் ரிப்பேர் பார்க்க ஆள் உண்டு, காரணம் புரிகிறது. ஆனால் தூசு வெளியேற அதில் தனி வாய் கிடையாது. பிளேடின் மேல்பாதியை மூடும் தகடு ஒன்று, அவ்வளவுதான். ஹோஸைப் பக்கத்தில் வைத்து டேப் சுற்றிக் கட்டினால் ஏதோ கொஞ்சம் போகும். மிச்சமெல்லாம் அறுப்பவர் முகத்துக்கு. இதோடு எவ்வளவு உசத்தியான எக்ஸ்ட்ராக்டரை மாட்டினாலும் கதை மாறாது. கட்டர் வைத்திருப்பவர், வேக்குவத்துக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் தூசு வாய் உள்ள சர்க்குலர் சா (கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பம்) ஒன்றை வாங்கிவிடுவது மேல். கீழ் கார்டு தானாக மூடிக்கொள்வதால் விரலுக்கும் நல்லது.

சர்க்குலர் சாவில் பிளேடின் பற்கள் கீழிருந்து மேலாக ஏறி அறுப்பதால் தூள் மேல் கார்டுக்குள் போய், பின்பக்க வாய் வழியாக வெளியே வரும். அந்த வாயில் ஹோஸை மாட்டினால் பெரும்பகுதி பிடிபடும். தண்டவாளத்தில் ஓடும் ட்ராக் சாவில் பிளேடு முழுக்க ஒரு பெட்டிக்குள் இருப்பதால் இன்னும் நன்றாகப் பிடிபடும். மேசைக்குள்ளிருந்து பிளேடு எட்டிப் பார்க்கும் டேபிள் சாவில் தூசு இரண்டு இடத்தில் கிளம்புகிறது. பலகைக்குக் கீழே ஒன்று, பிளேடு தலையைத் தூக்கும் மேல்பக்கம் ஒன்று. கீழே மட்டும் உறிஞ்சினால் மேலே வருவது வந்துகொண்டேதான் இருக்கும். பிளேடை மேலிருந்து இறக்கிக் குறுக்கே அறுக்கும் மைட்டர் சாதான் இருப்பதில் மோசம். பின்னால் விசிறி அடிக்கிற தூளில் பாதியைப் பிடித்தாலே பெரிய விஷயம். அதன் வாயில் வேக்குவத்தை மாட்டுவதோடு, பின்னால் மூன்று பக்கமும் தட்டி கட்டினால்தான் கொஞ்சம் கட்டுப்படும்.

அறுக்கிற விதத்திலும் வித்தியாசம் உண்டு. பலகையின் நடுவே அறுக்கும்போது பிளேடின் இரண்டு பக்கமும் மரம் இருக்கிறது. தூசுக்கு மேலே போவதைத் தவிர வழி இல்லை. ஓரத்தில் 2 மில்லிமீட்டர் மட்டும் சீவி எடுக்கும்போது ஒரு பக்கம் திறந்து கிடப்பதால் அதே ரம்பம், அதே வேக்குவம், ஆனால் தூசு பாதி வெளியே. ஓரத்தோடு ஒட்டி அதே கனத்தில் ஒரு துண்டு ப்ளைவுட்டை வைத்து அறுத்தால் இது குறையும். அடியில் தெர்மோகோல் ஷீட் போட்டு, பிளேடு பலகைக்குக் கீழே சில மில்லிமீட்டர் மட்டும் எட்டிப் பார்க்கும்படி ஆழத்தை வைத்தால், கீழே கொட்டுவதும் அடங்கும். காசு செலவில்லாத இந்த இரண்டு வேலையும் செய்கிற வித்தியாசத்தை, வேக்குவத்தை மாற்றுவதால்கூடப் பல நேரம் பார்க்க முடியாது.

இனி கருவிகளுக்கு வருவோம். வேக்குவத்துக்கும் டஸ்ட் கலெக்டருக்கும் அடிப்படையே வேறு. பட்டறை வேக்குவம் 20 கிலோபாஸ்கல் அளவுக்கு இழுக்கும், ஆனால் ஹோஸ் இல்லாமல் அளந்தாலும் நொடிக்கு 60 லிட்டர் காற்றுக்கு மேல் பெரிதாகப் போகாது. டஸ்ட் கலெக்டரின் இழுவை அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் 1 எச்.பி. மெஷினே பல மடங்கு காற்றை நகர்த்தும். ஆகவே வேக்குவம் ஒல்லி ஹோஸுக்கு, கலெக்டர் அகலக் குழாய்க்கு. மாற்றி மாட்டினால் இரண்டும் படுத்துவிடும்.

கணக்கு போட்டே பார்க்கலாம். மரத்தூள் குழாயில் தங்காமல் போக, காற்று நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 35 மில்லிமீட்டர் ஹோஸில் நொடிக்கு 30 லிட்டர் போனாலே 31 மீட்டர் வேகம் வந்துவிடும். அதே வேக்குவத்தை டேபிள் சாவின் 100 மில்லிமீட்டர் வாயில் மாட்டி, முழு 60 லிட்டரும் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் வேகம் 8 மீட்டரைத் தொடாது. தூள் அடியில் தங்கிக் குவியும். எதிர்ப்பக்கமும் அப்படியே. 100 மில்லிமீட்டர் குழாயின் குறுக்குப் பரப்பு 35 மில்லிமீட்டர் ஹோஸைவிட எட்டு மடங்கு. ரெட்யூசர் (அகலக் குழாயை ஒல்லியாக்கும் இணைப்பு) போட்டுக் கலெக்டரை சர்க்குலர் சாவில் மாட்டினால், அதன் பலவீனமான இழுவையால் அந்த ஒல்லி வழியில் காற்றைத் தள்ள முடியாது. பை உப்பக்கூட உப்பாது. யூட்யூபில் இந்த ரெட்யூசரை விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

நேரடி இணைப்பில் உள்ள பெரிய வசதி எளிமை. ஒரு ஹோஸ், ஒரு அடாப்டர். ரம்பத்தின் வாயும் ஹோஸின் முனையும் பொருந்தாது என்பது கிட்டத்தட்ட உறுதி. கம்பெனிக்குக் கம்பெனி அளவு வேறு. சைக்கிள் ட்யூபில் ஒரு சாண் வெட்டி இரண்டு பக்கமும் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினால் போதும். ட்யூப் வளைந்து கொடுப்பதால் ரம்பத்தைத் திருப்பும்போது இழுக்காது. விலைக்கு வாங்கும் ரப்பர் அடாப்டருக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை.

சிக்கல் ஃபில்டரில் இருக்கிறது. ப்ளைவுட் தூள் பரவாயில்லை. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) அறுத்தால் வருவது முகப்பவுடர் மாதிரி நைஸான மாவு. அது மடிப்பு ஃபில்டரின் இடுக்குகளில் அப்பிக்கொண்டு சில பலகைக்குள் இழுவையை இறக்கிவிடும். தட்டினால் கொஞ்சம் உதிரும். கழுவலாம் என்று எழுதியிருந்தால் கழுவலாம், ஆனால் மழைக்காலத்தில் அது காய ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். ஈரத்தோடு மாட்டினால் தூசு பசையாகி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஃபில்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. டப்பாவோடு வரும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் தண்ணீர் உறிஞ்சும்போது போடுவது. அதைப் போட்டுக்கொண்டே மரத்தூள் உறிஞ்சினால், கண்ணுக்குத் தெரிகிற தூள் டப்பாவில் விழும், நுரையீரல் வரை போகிற நைஸ் தூசு பின்பக்கக் காற்றோடு அறை முழுக்கப் பரவும். தரை சுத்தமாக இருக்கும், மூக்கு கறுத்துப் போகும்.

சைக்ளோன் வாளி இந்த ஃபில்டர் தொல்லைக்கு மருந்து. கூம்புக்குள் காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழலும்போது கனமான தூள் சுவரில் ஒதுங்கி வாளியில் விழுந்துவிடுகிறது. காற்று மட்டும் மேலே நடுக்குழாய் வழியாக வேக்குவத்துக்குப் போகிறது. பிளாஸ்டிக் கூம்பு தனியாகவே ஆன்லைனில் கிடைக்கிறது, கீழே 20 லிட்டர் பெயிண்ட் வாளி. இழுவையில் கொஞ்சம் போகும். ஆனால் முதல் பலகைக்கு இருந்த இழுவை ஐம்பதாவது பலகைக்கும் ஏறக்குறைய அப்படியே இருப்பதால் அந்த நஷ்டம் கணக்கில் வராது. சைக்ளோனிலும் தப்பிக்கிற மிக நைஸான தூசு உண்டு. ஆகவே ஃபில்டர் வேண்டாம் என்று ஆகாது, அதற்கு ஆயுள் கூடும்.

இரண்டு இடத்தில் இது காலை வாரும். வாளியின் மூடி லீக் ஆனால், அந்த ஓட்டையில் நுழையும் காற்று கீழே விழுந்த தூளைக் கிளப்பி மேலே அனுப்பிவிடும். மூடி விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்ட வேண்டும். அடுத்தது, ஹோஸில் மரச்சில் ஏதாவது அடைத்துக்கொண்டால் வேக்குவத்தின் முழு இழுவையும் வாளிச் சுவர் மேல் இறங்கும். மெல்லிய பெயிண்ட் வாளி 'டப்' என்று உள்ளே அமுங்கிவிடும். உள்விளிம்பில் ப்ளைவுட் வளையம் ஒன்று வைத்து ஸ்குரூ போட்டால் தாங்கும். ஹோஸ் ஆடும்போது கவிழாமல் இருக்க வாளியைச் சக்கரப் பலகையில் கட்டிவிடுங்கள்.

ஆட்டோ ஸ்டார்ட் எக்ஸ்ட்ராக்டரில் ரம்பத்தின் பிளக்கைக் கருவியின் மேலேயே சொருகுகிறோம். ட்ரிக்கரை அழுத்தினால் அதுவும் கிளம்பும். விட்ட பிறகும் சில நொடி ஓடி ஹோஸில் தங்கியதை இழுத்துக்கொள்ளும். பார்க்கச் சின்ன வசதிதான். ஆனால் ஒவ்வொரு அறுப்புக்கும் குனிந்து சுவிட்ச் போட யாருக்கும் பொறுமை இருக்காது; மூன்றாவது பலகையிலிருந்து வேக்குவம் இல்லாமலேயே அறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் தினமும் அறுப்பவருக்கு இதுதான் உண்மையிலேயே தூசைக் குறைக்கும். பேட்டரி ரம்பம் என்றால் இந்த சாக்கெட்டால் பயனில்லை, ப்ளூடூத்தில் இயங்கும் மாடல் பார்க்க வேண்டும்.

இதன் விலை உயர்ந்த ரகங்களில் ஐரோப்பிய வகுப்பு எழுதியிருக்கும்: எல், எம், எச். எல் வகுப்பு தூசில் 1 சதவீதம் வரை வெளியே விடலாம், எம் 0.1 சதவீதம், எச் 0.005 சதவீதம். மரத்தூளுக்கு எம் வகுப்பைத்தான் பார்க்க வேண்டும். ஹோஸில் காற்று வேகம் நொடிக்கு 20 மீட்டருக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை ஒலி எழுப்புவதும் எம் வகுப்பின் விதி. இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் 1995-லேயே வைத்துவிட்டது. கடின மரத்தூசு வேலையிடக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது 2023 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. நம் ஊரில் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அறுக்கிறோம். அந்த நைஸ் தூசைத் துண்டு நிறுத்தாது. என்95 மாஸ்க் நிறுத்தும். வேக்குவம் எது வாங்கினாலும் இந்தச் செலவைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கரண்ட் விஷயத்தை விட்டுவிடக் கூடாது. சர்க்குலர் சா 1,200 முதல் 1,400 வாட்ஸ், வேக்குவமும் அதே அளவு. இரண்டும் சேர்ந்தால் 11, 12 ஆம்பியர். வீட்டில் இருக்கும் 6 ஆம்பியர் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இரண்டையும் ஓட்டினால் பிளக் உருகும். ஏ.சி.க்குப் போட்ட 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும், ஒயரும் அதற்கேற்ற கனம் வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட் கருவி வாங்கும்போது அதன் சாக்கெட் எத்தனை வாட்ஸ் ரம்பத்தைத் தாங்கும் என்று தகட்டில் பாருங்கள். இன்னொன்று, இரும்பு அறுக்கும்போது பறக்கும் பொறியை இதே வேக்குவத்தில் உறிஞ்சவே கூடாது. மரத்தூளுக்குள் விழுந்த பொறி உடனே பற்றாவிட்டாலும், நீங்கள் கடையைப் பூட்டிவிட்டுப் போன பிறகு பற்றலாம்.

சரி, யார் எதை வாங்குவது? மாடியிலோ கார் ஷெட்டிலோ வாரக் கடைசியில் அறுப்பவருக்கு, சாதாரண வேக்குவமும் சைக்ளோன் வாளியும் போதும். மிச்சப் பணத்தை நல்ல ஃபில்டரில் போடலாம். குடியிருக்கும் வீட்டுக்குள் போய் மாடுலர் கிச்சன் வேலை செய்கிறவருக்கு ஆட்டோ ஸ்டார்ட் எக்ஸ்ட்ராக்டர், பணம் இருந்தால் எம் வகுப்பு. வீட்டுக்காரர் சோபா மேல் தூசு படியாத காண்ட்ராக்டரை அடுத்த வேலைக்கும் கூப்பிடுவார், போட்ட பணம் அப்படித் திரும்பும். ஆனால் அங்கே வாளியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறுவது சிரமம். பை போடுகிற மாடலாகப் பாருங்கள், கட்டித் தூக்கிப் போட்டுவிடலாம்.

டஸ்ட் கலெக்டர் நிலையான பட்டறைக்கு மட்டும். அதுவும் டேபிள் சாவுக்காக வாங்குவதைவிட இழைப்பு மெஷினுக்காக வாங்குவதுதான் நியாயம். திக்னஸ் பிளேனர் கொட்டும் சீவலை எந்த வேக்குவமும் தாங்காது, ஹோஸ் உடனே அடைத்துக்கொள்ளும். இண்டக்‌ஷன் மோட்டார் என்பதால் நாள் முழுக்க ஓடினாலும் வேக்குவம் மாதிரி காதைப் பிளக்காது, மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்வதும் கிடையாது. அதன் துணிப்பைதான் பலவீனம்: சாதாரணப் பையின் இழை வழியே நைஸ் தூசு கசியும். இடம் இருந்தால் மெஷினைச் சுவருக்கு வெளியே கூரை போட்டு வைத்து, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். இடம் இல்லாதவர் மேல் பைக்குப் பதில் மடிப்பு ஃபில்டர் டப்பா கிடைக்கிறதா என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது, பிறகு தனியாக வாங்கப் போனால் அளவு பொருந்தாது.