‘1930-களின் அசல் நெகட்டிவ், பதிப்புரிமையுடன்’: பிரிட்டிஷ் ரயில் படம் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இணைய ஏலத்தில் வந்த விளம்பரம் இது: “பிரிட்டிஷ் நீராவி இன்ஜின்கள். அசல் நெகட்டிவ்கள், 1930-கள். ஒரே புகைப்படக்காரரின் தொகுப்பு. 48 எண்ணம். பதிப்புரிமையுடன்.” விலை 260 பவுண்டு, தபால் செலவு தனி. மாதிரிக்கு ஆறு படங்கள் காட்டியிருந்தார்கள். ஆறிலும் ஓரம் வெட்டப்பட்டிருந்தது.

வாங்கிப் பிரித்தபோது, உறையில் வந்தவற்றில் 1930-களின் அசல் ஒன்றுகூடக் கிடையாது. பெரும்பாலானவை பிற்காலத்தில் எடுத்த நகல் நெகட்டிவ்கள். மீதி அசல்தான், ஆனால் 1960-களில் எடுத்தவை. படத்தோடு எழுதியிருந்த இடமும் ஆண்டும் பாதிக்கு மேல் தவறு. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு “உள்ளது உள்ளபடி விற்றது, திரும்பப் பெற மாட்டேன்” என்று பதில் வந்தது. இதே விளம்பர வாசகம் வேறு பெயர்களிலும் உலவுவதால், எதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விவரமாகவே எழுதுகிறோம்.

ஓரத்தை ஏன் வெட்டிக் காட்டினார் என்பது நெகட்டிவை விளக்குப் பலகையில் வைத்ததும் விளங்கிவிட்டது. 1936-இல் கிராந்தம் நிலையத்தில் எடுத்ததாகச் சொன்ன படத்தின் ஓரத்தில், துளை வரிசையை ஒட்டி ‘இல்ஃபோர்ட் எஃப்பி4’ என்று படச்சுருளின் பெயர் அச்சாகியிருந்தது. அந்தப் படச்சுருள் சந்தைக்கு வந்ததே 1968-இல். இன்னொரு துண்டில் ‘எச்பி5’; அது 1976-இன் சரக்கு. ஓரத்து எழுத்தை அழிக்க முடியாது, அதனால்தான் வெட்டிவிடுகிறார்கள். ஓரம் தெரியாத நெகட்டிவ் படத்தை வைத்து யாரும் ஒரு பவுண்டுகூடக் கொடுக்க வேண்டாம்.

அளவும் ஒரு சாட்சி. 35 மில்லிமீட்டர் சுருள் போடும் லைக்கா கேமரா 1930-களில் இருந்தது, அந்தச் சுருளில் அப்போது யாரும் எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவருடைய தொகுப்பு முழுக்க 35 மில்லிமீட்டராக இருந்தால் சந்தேகப்படுங்கள். 3¼ × 4¼ அங்குலக் கண்ணாடித் தகடும், 2½ × 4¼ அங்குலப் படம் தரும் 116 சுருளும், 120 சுருளும்தான் அந்தக் கால ரயில் படக்காரர்களின் கையில் அதிகம் புழங்கியவை. அசல் தகட்டில் விளிம்பை ஒட்டிக் குறுகலான ஒரு தெளிவான பட்டை இருக்கும். தகட்டைப் பிடித்திருந்த உறை வெளிச்சத்தை மறைத்த இடம் அது. பழைய நெகட்டிவின் மருந்துப் பூச்சுப் பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு பல சமயம் தெரியும். இந்த 48-இல் ஒன்றிலும் அது இல்லை.

பிறகு 10 மடங்கு பூதக்கண்ணாடி. சில நெகட்டிவ்களில் வானம் முழுக்க ஒழுங்கான வரிசையில் புள்ளிகள். அச்சிட்ட புத்தகப் பக்கத்தைக் கேமராவால் படம் பிடித்தால் மட்டும்தான் அந்தப் புள்ளிகள் விழும். புத்தகத்திலிருந்து திருடி, நெகட்டிவாக்கி, ‘அசல்’ என்று விற்றிருக்கிறார்கள். வேறு சிலவற்றில் தாளின் சொரசொரப்பும், பழைய பிரிண்டின் மடிப்புக் கோடும் இன்ஜினைவிடக் கூர்மையாகத் தெரிந்தன. இன்ஜின் மங்கலாகவும் அதன் மேல் கிடக்கும் தூசி கூர்மையாகவும் இருந்தால் அது பிரிண்டிலிருந்து எடுத்த நகல்.

பிரிண்டாக வாங்குகிறவர்கள் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் தாள் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால், வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்த தாள் அது. 1950-களிலிருந்துதான் அப்படிப்பட்ட தாள் புழக்கத்துக்கு வந்தது. ஒளிராவிட்டால் பழையது என்று முடிவுகட்ட முடியாது. ஒளிர்ந்தால் மட்டும் ‘1935 பிரிண்ட்’ என்ற பேச்சு பொய்யாகிவிடும்.

இனி படத்துக்குள் இருக்கும் சாட்சிகள். விற்றவர் சொன்ன ஆண்டுகள் இங்கேதான் வரிசையாகச் சரிந்தன.

கிராந்தம் படத்தில் இருப்பது ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற புகழ்பெற்ற இன்ஜின். எண் 4472 தெளிவாகத் தெரிகிறது, அதனால் 1936 என்றால் நம்பத் தோன்றும். ஆனால் அந்த எண்ணோடு ஓடிய 1924 முதல் 1946 வரை அது ஏ1 வகுப்பின் பாய்லரோடுதான் ஓடியது. பாய்லர் மேல் நீராவி திரளும் கவிகையான டோம் உருண்டையாக இருந்தது. வேறு பாய்லர் பொருத்தி ஏ3 வகுப்பாக மாற்றியது 1947 ஜனவரியில், அப்போது எண் 103. பிரிட்டிஷ் ரயில்வேயில் 60103 ஆகி, 1963-இல் ஓய்வு பெற்று, தனியார் கைக்குப் போன பிறகுதான் மறுபடி 4472 வந்தது. படத்தில் டோம் பின்புறம் நீண்டு சரியும் ‘பாஞ்சோ’ வகை. இன்ஜினின் முன்முனையான புகைப்பெட்டியின் மேற்பக்கத்தில் ஏ3-க்கே உரிய சதுர மூடிகளும் உண்டு. 4472 என்ற எண்ணும் இந்த டோமும் ஒரே படத்தில் இருந்தால் அது 1963-க்குப் பிந்தையது. பின்னால் இரண்டாவது டெண்டரும் (இன்ஜினோடு சேர்ந்த கரி, தண்ணீர் வண்டி) இருந்தால் 1966-க்கும் பிந்தையது. மிக அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட இன்ஜின்களில் ஒன்று என்பதால் இதை வைத்து ஏமாற்றுவதும் அதிகம்.

கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியின் படங்களில் ஏமாறுவது இன்னும் சுலபம். 1948-இல் ரயில்வே கம்பெனிகள் அரசுடைமையானபோது பொதுவாகச் சதர்ன் கம்பெனி இன்ஜின்களின் எண்ணோடு 30000, எல்எம்எஸ்-க்கு 40000, எல்என்இஆர்-க்கு 60000 கூட்டினார்கள். எல்என்இஆர்-இன் மல்லார்ட் இன்ஜின் 4468 ஆகப் பிறந்தது, 1946-இல் 22, 1948-க்குப் பின் 60022. கிரேட் வெஸ்டர்ன் இன்ஜின்களுக்கு மட்டும் வார்ப்பு எண் பலகைகள் இருந்ததால் பழைய எண்ணையே விட்டுவிட்டார்கள். ஆகவே எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, புகைப்பெட்டிக் கதவைப் பார்க்க வேண்டும். கதவில் எண் தகடு இருந்தால் 1948-க்குப் பிறகு. முன்பெல்லாம் முன்புற பஃபர் பீமில் (மோதுதாங்கிகள் பொருத்திய குறுக்குச் சட்டம்) பெயின்டால் எழுதியதுதான். தொகுப்பில் ‘1938, பாடிங்டன்’ என்றிருந்த காஸ்டில் வகுப்பு இன்ஜினுக்குக் கதவில் தகடும் உண்டு, இரட்டைப் புகைபோக்கியும் உண்டு. காஸ்டில்களில் முதல் இரட்டைப் புகைபோக்கி பொருத்தியது 1956-இல்.

‘1951, சாலிஸ்பரி’ என்று வந்த சதர்ன் இன்ஜின் 35018, பெயர் பிரிட்டிஷ் இந்தியா லைன். மெர்ச்சன்ட் நேவி வகுப்புக்குக் கப்பல் கம்பெனிகளின் பெயரை வைத்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம் மக்களை ஏற்றிச் சென்ற ரஜூலா கப்பல் இந்தக் கம்பெனியுடையதுதான், அதனாலேயே இந்தப் படத்தின் மேல் நமக்குத் தனி ஆசை. ஆனால் 1951-இல் அந்த இன்ஜின் தகரப் போர்வை மூடிய பெட்டி போல இருந்தது. போர்வையைக் கழற்றி மறுகட்டுமானம் செய்த முதல் மெர்ச்சன்ட் நேவி இதுவே, அதுவும் 1956 பிப்ரவரியில். படத்தில் இருப்பது மறுகட்டுமானம் ஆன உருவம்.

இப்படி ஒவ்வோர் அடையாளமும் ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்று ஒரு எல்லை போடும். டெண்டரில் ‘பிரிட்டிஷ் ரயில்வேஸ்’ என்று முழுதாக எழுதியிருந்தால் 1948 முதல். சக்கரத்தின் மேல் நிற்கும் சிங்க முத்திரை அதற்கடுத்து வந்தது, கிரீடத்திலிருந்து எழுந்து சக்கரத்தைக் கையில் பிடித்த சிங்கம் 1956 முதல். மறுபடி பெயின்ட் அடிக்கப் பல ஆண்டுகள் ஆனதால் பழைய முத்திரையோடு 1960-லும் இன்ஜின் ஓடியிருக்கும். ஆகவே பழைய முத்திரை இருப்பதால் படமும் பழையது என்று எண்ணக் கூடாது. மல்லார்ட் வகையான ஏ4 இன்ஜின்களின் சக்கரத்தை மூடிய பக்கத் தகடுகளைப் போர்க்காலத்தில் கழற்றிவிட்டார்கள்; தகடோடு ‘1950’ என்றால் தவறு. எல்என்இஆர் டெண்டரில் வெறும் ‘என்இ’ என்றிருந்தால் 1942-க்குப் பிந்தைய போர்க்காலச் சிக்கனம். இன்ஜின் எந்தப் பணிமனையைச் சேர்ந்தது என்று குறிக்கும் ஷெட் தகடு கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்: கார்லைல் கிங்மூர் பணிமனை 1950-களில் 68ஏ, 1958-இல் 12ஏ ஆனது.

எண் தகடே பொய் சொல்லும் இடங்களும் உண்டு. இதில் விற்றவரைக் குறை சொல்வதற்கில்லை, ஆனால் படத்தைப் பகிர்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். 1939-இல் அமெரிக்கா போன ‘6220 கொரோனேஷன்’ உண்மையில் 6229 டச்சஸ் ஆஃப் ஹாமில்டன். பயணத்துக்காகப் பெயரும் எண்ணும் மாற்றிக்கொண்டார்கள், 1943-இல் திரும்ப மாற்றினார்கள். அதற்கு முன் 1933-இல் போன ‘6100 ராயல் ஸ்காட்’ உண்மையில் 6152. அது திரும்ப மாறவே இல்லை. 1952 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வல ரயிலை இழுத்த ‘4082 விண்ட்சர் காஸ்டில்’ உண்மையில் 7013 பிரிஸ்டல் காஸ்டில், அதுவும் நிரந்தர மாற்றம். இந்தத் தொகுப்பில் ‘யூஸ்டன், 1937’ என்று வந்த கொரோனேஷன் படத்தில் இன்ஜினுக்கு முன்னால் மணியும் பெரிய முகப்பு விளக்கும் இருக்கின்றன. அவை அமெரிக்கப் பயணத்துக்காகப் பொருத்தியவை. புத்தக அச்சுப் புள்ளிகள் தெரிந்த நெகட்டிவ்களில் இதுவும் ஒன்று.

சில நெகட்டிவ்களை இடவலம் மாற்றி ஸ்கேன் செய்து காட்டியிருந்தார்கள். எண் தெரியாத தூரப் படங்களில் இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பிரிட்டனில் ரயில் இடப்பக்கம் ஓடும். இரட்டைப் பாதையில் நம்மை நோக்கி வரும் ரயில் படத்தில் வலப்பக்கத் தண்டவாளத்தில் வர வேண்டும். பிளாட்பாரத்தில் நிற்கும் ஆணின் கோட்டில், அவருடைய இடப்பாதி வலப்பாதியின் மேல் மடிந்திருக்க வேண்டும். இரண்டும் தலைகீழாக இருந்தால் படத்தைத் திருப்புங்கள். இடம் தெரிய கைகாட்டியைப் பாருங்கள்: கீழ்நோக்கி இறங்கும் கை, 1930-களுக்குப் பிந்தைய படமென்றால் பெரும்பாலும் கிரேட் வெஸ்டர்ன் பகுதி. பிறகு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் பழைய ஆர்டனன்ஸ் சர்வே வரைபடங்களில் பாலம், கிளைப்பாதை, சிக்னல் பெட்டி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் பொருந்தாமல் ஊர்ப் பெயர் எழுத வேண்டாம்.

கணினியில் கூர்மையாக்கிய படங்களையும் இப்போது விற்கிறார்கள். மங்கிய எண் தகட்டில் 6-ஐ 8 ஆக்கி, இல்லாத இன்ஜின் ஒன்றையே கணினி உண்டாக்கிவிடுகிறது. வண்ணம் பூசியவை இன்னும் மோசம். சிவப்பு ஒளியை உணராத பழைய ஆர்த்தோக்ரோமாட்டிக் தகட்டில் சிவப்பு ஏறக்குறைய கறுப்பாகவே பதியும். எல்எம்எஸ்-இன் கருஞ்சிவப்பு இன்ஜினை நிரல் கறுப்பாக வரைந்து ‘அசல் வண்ணம்’ என்று தள்ளுகிறது. ஸ்கேன் செய்த கோப்பைத் தொடாமல் அப்படியே கேளுங்கள்.

‘பதிப்புரிமையுடன்’ என்ற சொல்லுக்குத்தான் பாதி விலை போகிறது, அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். நெகட்டிவ் உங்கள் கையில் இருப்பதால் பதிப்புரிமை உங்களுடையது ஆகாது. 1988-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளர் கையெழுத்திட்ட எழுத்து மூலமான ஆவணம் இருந்தால்தான் விற்பனையில் உரிமை கைமாறும். பொதுவாக, எடுத்தவர் இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டுகள் அது நீடிக்கும். 1991-இல் இறந்தவரின் படத்துக்கு 2061 முடியும்வரை. எடுத்தவர் பெயரே தெரியாத ஒருவர் உங்களுக்கு எந்த உரிமையை எழுதித் தர முடியும்? இந்த விற்பனையில் ஆவணம் கேட்டபோது, தன் கடைப் பெயர் போட்ட துண்டுச் சீட்டு ஒன்றை அனுப்பினார். சட்டப்படி அது வெறும் காகிதம். அதை நம்பிப் படத்தைப் புத்தகத்தில் போட்டால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

பணம் கட்டும் முன் விற்பவருக்கு இப்படி எழுதுங்கள்: முழுத் துண்டையும் விளக்குப் பலகையில் ஓரத்தோடு படம் எடுத்து அனுப்புங்கள், மருந்துப் பூச்சுப் பக்கத்தைச் சாய்வு வெளிச்சத்தில் ஒரு படம், எடுத்தவர் யார், உரிமை ஆவணம் எங்கே, அசல் இல்லையென்றால் திரும்பப் பெறுவீர்களா. பதிலை ஏலத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே வாங்குங்கள். வெளியே மின்னஞ்சலுக்கு அழைத்தால் விலகிவிடுங்கள். பிரிட்டனில் வியாபாரியிடம் இணையத்தில் வாங்கியது ஏலமில்லாத நேரடி விலை விற்பனை என்றால், பொருள் கைக்கு வந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் அதைத் தடுக்காது. தனிநபர் விற்றதென்றால் அந்த வசதி கிடையாது, விவரம் பொய் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு எஃப்பி4 என்ற ஓரத்து எழுத்தின் படம் ஒன்றே போதுமான சாட்சி. உறையைப் பிரிப்பதையும் படம் பிடித்து வையுங்கள்.

நிஜமாகவே பழைய நெகட்டிவ் கிடைத்துவிட்டால் வேறு ஓர் அபாயம் உண்டு. ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று இல்லாத, 1951-க்கு முந்தைய சுருள் நைட்ரேட் வகையாக இருக்கலாம். எளிதில் தீப்பற்றும், பற்றினால் தண்ணீரில்கூட அணையாது. சாதாரண தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள், பிசுபிசுப்போ பழுப்புத் தூளோ தெரிந்தால் ஸ்கேனரின் சூட்டில் வைக்காதீர்கள்.

இந்த 48 படங்களில் சில ஏற்கெனவே தவறான ஆண்டோடு பல குழுக்களில் பரவிவிட்டன. உங்கள் சேமிப்பில் இருந்தால் அழிக்க வேண்டாம். விற்றவர் எழுதிய விவரத்தை மேற்கோள் குறிக்குள் அப்படியே வைத்து, கீழே திருத்தத்தையும் காரணத்தையும் சேருங்கள்: “‘1936, கிராந்தம்.’ தவறு. 4472 எண்ணும் பாஞ்சோ டோமும் உள்ளன, ஆகவே 1963-க்குப் பிறகு. இடம் உறுதியாகவில்லை. நகல் நெகட்டிவ், எஃப்பி4.”