டிரெய்லர் பின்னாடி மாட்டுற சோலார் பிளிங்கர்: நாலு கரும்பு சீசன் ஓட்டின அனுபவம்

என் மச்சினன் புதுசா ஒரு டிரெய்லர் எடுத்திருக்கான். நேத்து போன் போட்டு "மாமா, உங்க வண்டி பின்னாடி சிவப்பா மின்னுதே, அந்த லைட்டு நல்லா இருக்கா, வாங்கலாமா"ன்னு கேட்டான். அரை மணி நேரம் திட்டித் தீர்த்தேன், அவனை இல்ல, லைட்டை. அதையே இங்கயும் எழுதிடறேன், வாங்கப் போறவங்களுக்கு உதவும்.

நமக்கு பண்ருட்டி பக்கம். ஆலையில இருந்து கட்டிங் ஆர்டர் வந்துட்டா கரும்பு வெட்டி லோடு ஏத்தி முடிக்கவே பொழுது சாஞ்சிரும், ஆலைக்குக் கிளம்புறது பாதி நாள் ராத்திரிலதான். டிராக்டர்ல இருந்து டிரெய்லருக்குப் போற இண்டிகேட்டர் ஒயர் ஒரு சீசன்கூட முழுசா உயிரோட இருந்ததில்ல, எலி கடிக்கும், இல்லன்னா இறக்கும்போது கரும்போட சேந்து அத்துக்கிட்டு போயிரும். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இருக்கு, ஆனா சேறு அப்பிக்கும், கொழுந்தாடை, அதான் கரும்போட நுனித் தழை, தொங்கி பாதியை மறைச்சிடும். ஒயரே இல்லாம தானா எரியுதேன்னுதான் ரெண்டு சோலார் பிளிங்கர் வாங்கி பின் கதவுல மாட்டினேன். நாங்க வாங்கினது பேனலும் எல்இடியும் ஒரே முகத்துல இருக்கற சின்ன மாடல்.

முதல் மாசம் ஊரெல்லாம் பெருமை பேசினேன். அப்புறம் ஒரு நாள் டிரைவர் லோடோட முன்னாடி போயிட்டான், நான் பைக்ல பின்னாடி போறேன். தூரத்துல அழகா பளிச் பளிச்னு தெரியுது. கிட்ட வர வர, ஒரு இருபது முப்பது அடி இருக்கும், ரெண்டும் பொசுக்குன்னு அணைஞ்சிருச்சு. பேட்டரி போச்சோன்னு நினைச்சு பைக்கை ஓரம் கட்டி ஹெட்லைட்டை ஆஃப் பண்றேன், மறுபடி பளிச் பளிச். ஆன் பண்ணிக்கிட்டு கிட்ட போறேன், அணையுது. நாலு தடவை இதே கூத்து.

விஷயம் என்னன்னா, இதுல இருட்டைக் கண்டுபிடிக்கத் தனியா சென்சார் கிடையாது, சோலார் பேனலேதான் சென்சார். பேனல்ல வோல்டேஜ் வந்தா பகல், வரலன்னா ராத்திரி, அவ்வளவுதான் அதுக்கு அறிவு. பின்னாடி வர்றவன் ஹெட்லைட்டு நேரா பேனல்ல அடிச்சா விடிஞ்சிருச்சுன்னு நினைச்சுக்கிட்டு தூங்கப் போயிடுது. ரிஃப்ளெக்டர் அவன் லைட்டுல மின்னும், இது அவன் லைட்டுல அணையும். எவனுக்காக மாட்டினோமோ அவன் பக்கத்துல வரும்போது மட்டும் வேலை செய்யாத எச்சரிக்கை விளக்கு, இதைச் செஞ்சவனை என்ன சொல்றது?

ஒரு நியாயமும் சொல்லணும். ஹெட்லைட் நல்லா அடிக்கறவனுக்கு எதிர்ல இவ்வளவு பெரிய லோடே தெரிஞ்சிரும். லைட்டு சரியில்லாத மொபெட்டு, மங்கலா எரியற பழைய வேன், இவங்களுக்குத்தான் இது தேவை, அவங்க வெளிச்சத்துக்கு இது அணையறதும் இல்ல. இப்படிச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா காசு குடுத்து வாங்கினது மனசைத் தேத்திக்கவா?

ரெண்டாவது சீசன்ல பேனல் தலைமேல படுத்த மாதிரியும் எல்இடி பின்பக்கம் பாத்த மாதிரியும் இருக்கற மாடல் வாங்கினேன். இது எவ்வளவோ தேவலாம், கார் லைட்டுக்கு அசையாது. லாரி உயரத்துல இருந்து அடிச்சா எப்பவாவது ஒரு கணம் அணையும்.

பேட்டரி கதை தனி. பழைய மாடல்ல 1.2 வோல்ட் நிக்கல் செல், 600 எம்ஏஎச்னு (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கற அளவு) எழுதியிருந்தது, பென்சில் செல் சைஸ்ல இருக்கும். ஒரு ஐப்பசி மழையில வெயிலே இல்லாம நாலஞ்சு நாள்ல ரெண்டும் அவுட்டு. எங்க டிரைவர் தம்பி ரொம்ப புத்திசாலி, டிவி ரிமோட்ல இருந்த சாதா செல்லைக் கழட்டிப் போட்டுட்டான். சார்ஜ் ஏறக்கூடாத செல்லுக்கு தினமும் பேனல் சார்ஜ் ஏத்தினா என்ன ஆகும், ஒழுகிருச்சு. திறந்து பாத்தா ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்துக் கெடக்கு. வினிகர் தொட்டு பழைய பிரஷ்ஷால தேச்சு எடுத்தேன், இன்னும் ஓடுது.

புது மாடல்ல 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தேன், எரியும்போது 20 மில்லிஆம்ப், பாதி நேரம்தானே எரியுது, சராசரி 10. பன்னெண்டு மணி நேர ராத்திரிக்கு 120 எம்ஏஎச். அதுலயும் 600 எம்ஏஎச் செல்தான், ஃபுல் சார்ஜ் இருந்தா வெயிலே இல்லாம நாலு ராத்திரியாவது தாங்கும், தாங்குது. ஆனா செல்லை சால்டர் பண்ணி மேல பசை ஊத்தி வெச்சிருக்கான். மூணாவது வருஷம் மாத்த டப்பாவை ஆக்சா பிளேடால அறுக்க வேண்டியதா போச்சு. மாத்தும்போது கவனம், கடைக்காரர் 3.7 வோல்ட் செல்லும் ஒண்ணுதான்னு குடுப்பார், ஒண்ணு இல்ல. அதைப் போட்டா முழுசா சார்ஜ் ஏறாது. 3.7 செல்லுக்கான சார்ஜர்ல 3.2 செல்லைப் போட்டாலோ அளவுக்கு மேல ஏறும், அது ஆபத்து.

போன மார்கழில லோடோட டயர் பஞ்சர். டிராக்டரைக் கழட்டிக்கிட்டு டயரோட போயிட்டோம், டிரெய்லர் ரோட்டோரம் தனியா நின்னுச்சு. விடியக்காலம் திரும்பி வரோம், பனியில முன் சக்கரம்கூடத் தெரியல. வண்டியை எங்க விட்டோம்னே புரியாம உருட்டிக்கிட்டு வரோம், அந்தப் பனிக்குள்ள சிவப்பா ரெண்டு புள்ளி மட்டும் விட்டு விட்டு துடிச்சிட்டு இருக்கு. டிரைவர் தம்பி ஸ்டியரிங்கை விட்டுட்டு கும்பிட்டான்.

மச்சினன்கிட்ட என்னமோ "காசுக்குப் பிடிச்ச கேடு, வேணாம்டா"ன்னுதான் சொல்லி வெச்சேன். ராத்திரி பாத்தா விலை கொறஞ்சிருக்கு, நாலு ஆர்டர் போட்டுட்டேன். எங்க ஊருக்கு டெலிவரி இல்ல, பார்சல் அவன் வீட்டுக்குத்தான் போகும்.