ஐஎல்சிஏவா, ஏரோவா, ஹோபியா: 4 வருடம் ஓட்டிய பிறகு

சென்னைத் துறைமுகத்துக்குள் 4 வருடமாக ஐஎல்சிஏ 6 என்ற, ஒருவர் ஓட்டும் பாய்மரப் படகை ஓட்டுகிறேன். பழைய பெயர் லேசர் ரேடியல். நம் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓட்டியது இந்த வகைதான். வாங்குவதற்கு முன் ஏழெட்டு மாதம் மூன்று படகுகளுக்கு நடுவே அல்லாடினேன்.

முதலில் மனதில் இருந்தது ஹோபி 16, இரட்டை உடல் படகு. அடியில் நீருக்குள் இறங்கும் நடுப்பலகை கிடையாது என்பதால் அலையோடு வந்து மணலில் அப்படியே ஏறிவிடும். ஈசிஆர் கடற்கரையிலிருந்து இறங்க நினைப்பவர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் 145 கிலோ. துணைக்கு ஆள் வேண்டும். எனக்கு ஒவ்வொரு வாரமும் வரக்கூடிய துணை அமையவில்லை.

ஆர்எஸ் ஏரோவை, அதுவும் ஒருவர் ஓட்டுவதுதான், இங்கிலாந்து போயிருந்தபோது இரண்டு நாள் ஓட்டினேன். 2014இல் வந்த படகு, உடல் 30 கிலோதான். ஐஎல்சிஏவின் உடல் 59 கிலோ. லேசாகக் காற்று பட்டாலே சீறிக் கிளம்புகிறது. களைத்துப்போய்க் கரையேறி, சாய்தளத்தில் படகை இழுக்கும்போதுதான் அந்த 29 கிலோவின் அருமை தெரியும். ஓட்டும் சுகம் மட்டும் போதுமென்றால் ஏரோதான், சந்தேகமே இல்லை.

நான் வாங்காததற்குக் காரணம், எனக்குப் பந்தயம் வேண்டும். பக்கத்தில் அதே படகு ஓடினால்தான் பின்தங்கியது என் தவறாலா, காற்று மாறியதாலா என்று புரியும். நான் ஓட்டும் இடத்தில் கூட்டமாக இருந்தது ஐஎல்சிஏதான். சுக்கான் உடைந்தால் அன்றைக்கே யாரிடமாவது இரவல் கிடைக்கும்.

ஐஎல்சிஏவைப் பல நாடுகளில் பல நிறுவனங்கள் ஒரே அளவில் கட்டுகின்றன. ஒன்றின் பாயும் மரமும் இன்னொன்றில் பொருந்தும். எனவே பழைய படகு வாங்குபவர்கள் யார் கட்டியது என்று பார்ப்பதைவிட, பாய்மரம் நிற்கும் குழியைப் பாருங்கள். நான் இரண்டு நிறுவனப் படகுகளைப் பார்த்தேன். ஒன்று பளபளவென்று இருந்தது. குழியில் தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் பென்சில் கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. குழிக்குள் மணல் தங்கி, மரம் திரும்பத் திரும்ப அடியை அரைத்துவிடும். கவனிக்காமல் விட்டால் எந்தப் படகுக்கும் இந்தக் கதிதான். கீறலும் தழும்புமாக இருந்த மற்றொன்றில் தண்ணீர் அசையவே இல்லை. அதையே வாங்கினேன். எடையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்: நாலைந்து கிலோ கூடுதலாகக் காட்டினால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது.

செலவைச் சொல்ல வேண்டும். இந்தப் படகின் பாய்மரம் மேல், கீழ் என இரண்டு துண்டு. கொண்டல் காற்று வலுத்த ஒரு மதியம் அலுமினிய மேல்மரம் வளைந்துவிட்டது; காம்போசிட் (இழையும் பிசினும் சேர்ந்த) மரத்துக்கு மாறினேன், அதன்பின் தொந்தரவே இல்லை. அலுமினியம் வைத்திருப்பவர்கள் பலத்த காற்றில் ஓட்டிய பிறகு மேல்மரத்தைத் திருப்பிப் போடுங்கள், ஒரே பக்கம் வளையாது. பாய்தான் பெரிய வருத்தம். இரண்டாவது வருடமே என் பாயின் வடிவம் போய்விட்டது. பயிற்சிக்குப் பழைய பாயை வைத்துக்கொண்டு, புதியதைப் பந்தயத்துக்கு மட்டும் ஏற்றுகிறேன்.

இந்த வருடம் கீழ்மரமும் 4.7 சதுர மீட்டர் பாயும் மட்டும் வாங்கினேன். அதே படகு, சிறிய பாய் கொண்ட வகையான ஐஎல்சிஏ 4 ஆகிவிட்டது. சனிக்கிழமை மகள் ஓட்டுகிறாள், ஞாயிற்றுக்கிழமை நான்.