யூ.ஜீ.சி. (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) விண்ணப்பத்தை ஆலோசனை நிலையத்தில் கொடுக்கப் போகிறவர்கள் வாசித்துவிட்டுப் போங்கள்

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட்ஸ் வந்த கையோடு கல்முனை, களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்பு ரவுண் பக்கமெல்லாம் "பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பித் தரப்படும்" என்று பேனர் தொங்கத் தொடங்கிவிடும். சொன்ன காசுக்குச் சொன்ன வேலையை நேர்மையாகச் செய்து கொடுக்கிற கொம்யூனிகேஷன் கடைகள் நிறைய இருக்கின்றன. அவர்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் எழுதுவது, ஆலோசனை சொல்கிறோம் என்று காசு வாங்கி என் தங்கச்சியின் பாடநெறியையே மாற்றிவிட்ட ஒரு நிலையத்தைப் பற்றி. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. எந்தப் பெயரில் கடை போட்டாலும் அவர்கள் செய்கிற விதம் ஒன்றுதான், அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் வீடு பெரியகல்லாறு. தங்கச்சி படித்தது கல்முனையில். வீடு மட்டக்களப்பு மாவட்டம், பள்ளிக்கூடம் அம்பாறை மாவட்டம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் இதே நிலைதான். பயோ பிரிவில் மூன்று பாடமும் நல்ல பாஸ். மருத்துவத்துக்கு எட்டாது என்பது அவளுக்கே தெரியும். அவள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது பேராதனையில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக்கு அலைந்த காலத்தில் பிடித்த ஆசை அது.

நிலையத்தில் இருந்தவரை எல்லோரும் "சேர்" என்றுதான் கூப்பிட்டார்கள். விண்ணப்பம் நிரப்ப 7,500 ரூபா. "இந்த வருடத்து வெட்டுப்புள்ளி" என்று லமினேட் பண்ணிய ஒரு தாளைக் காட்டி, அதைப் பார்த்துக் கணிக்க இன்னும் 2,500 ரூபா. ரசீதாகத் தந்தது கால்வாசித் தாளில் தொகை மட்டும் எழுதிய ஒரு சீட்டு, பெயரில்லை, முத்திரையில்லை.

அந்த லமினேட் தாளே பொய். வெட்டுப்புள்ளியை யாரும் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. விண்ணப்பம் எல்லாம் வந்து, இசட் புள்ளி (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிடுகிற ஏ.எல் புள்ளி) வரிசையில் இடங்களை நிரப்பி முடித்த பிறகு, ஒரு பாடநெறிக்கு ஒரு மாவட்டத்திலிருந்து கடைசியாகத் தெரிவான பிள்ளையின் புள்ளிதான் அந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி. விண்ணப்பிக்கும் நேரத்தில் அந்த எண் உலகத்தில் எங்கேயும் கிடையாது. இருப்பது முந்திய வருடங்களின் பட்டியல்தான். அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 25 மாவட்டத்துக்கும் தனித்தனியாகத் தன் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. யாரும் பார்க்கலாம், ஒரு சதமும் தேவையில்லை.

அடுத்தது மாவட்டம். சேர் அடையாள அட்டையில் பெரியகல்லாறு என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, ரிசல்ட்ஸ் பிரதியின் மேல் சிவப்புப் பேனையால் "மட்டக்களப்பு" என்று எழுதி வட்டம் போட்டார். தங்கச்சி "சேர், நான் கல்முனையில படிச்சது" என்று சொல்லியிருக்கிறாள். "வீடு எங்கயோ அதுதான் மாவட்டம் மகள்" என்று அவளை அமர்த்திவிட்டார். அது பிழை. ஏ.எல் எடுப்பதற்கு முந்திய மூன்று வருடம் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். நல்லகாலம், படிவத்தில் பாடசாலை விபரத்தை அவளே சரியாகக் கொடுத்திருந்தாள், அதனால் ஆணைக்குழு அவளை அம்பாறையிலேயே எடுத்தது. ஆனால் சேர் கணிப்புப் போட்டது முழுக்க மட்டக்களப்பு வரிசையை வைத்து.

மாவட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். கலைப் பாடநெறிகளுக்கு முழுத் தீவுக்கும் ஒரே வரிசை. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் போன்றவற்றில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசையில் போகும். 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்ப 25 மாவட்டத்துக்கும் பிரியும். மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் 16-க்குள் இருக்கின்றன. ஆகவே ஒரே இசட் புள்ளிக்கு இரண்டு மாவட்டத்தில் இரண்டு விதமான முடிவு வரலாம்.

இதையெல்லாம் விடப் பெரிய அநியாயம் விருப்ப ஒழுங்கில் நடந்தது. தங்கச்சி பேராதனையை முதலாவதாகக் கேட்டபோது சேர் சொன்னது இது: "அதை மேல போட்டா ரிஸ்க் மகள். அது கிடைக்காட்டிக் கீழ இருக்கிறதும் கைவிட்டுப் போயிரும். நிச்சயமாக் கிடைக்கிறதை முதல்ல போடுவம்." அப்படிச் சொல்லி வந்தாறுமூலை (கிழக்குப் பல்கலைக்கழகம்) விவசாயத்தை ஒன்றாம் இடத்தில் வைத்து, பேராதனையை ஐந்தாம் இடத்துக்குத் தள்ளினார்.

தெரிவு நடப்பது அப்படி இல்லை. கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போகும். முதலாவதுக்குப் புள்ளி போதாவிட்டால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. மேலே எட்டாத ஒன்றைப் போட்டதற்காகக் கீழே உள்ளதில் உங்கள் இடம் ஒரு அங்குலமும் பின்னுக்குப் போகாது. ஆனால் எட்டக்கூடிய ஒன்றை மேலே வைத்துவிட்டால் அதோடு முடிந்தது, அதற்குக் கீழே என்ன இருந்தாலும் உங்களுக்காகத் திறக்காது. அதனால்தான் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் உண்மையான விருப்பப்படி வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். யூனிகோட் என்று ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் இருக்கிற அந்தச் சின்ன இலக்கமும் எழுத்தும் எந்த வரிசையில் இருக்கிறது என்பதில்தான் ஒரு பிள்ளையின் நாலு வருடம் கிடக்கிறது.

வெட்டுப்புள்ளி வெளியான அன்று அம்பாறை வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்தோம். பேராதனை ஆய்வுகூட விஞ்ஞானத்துக்கு வந்திருந்த எண் தங்கச்சியின் புள்ளியை விடக் குறைவு. முதலாவதாகப் போட்டிருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கும். அவளுக்கு வந்தது விவசாயம். விவசாயம் குறைந்த படிப்பு இல்லை, அதை ஆசைப்பட்டுப் படித்து நல்ல நிலைக்கு வந்த எத்தனையோ பேர் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் இவள் கேட்டது அதை இல்லையே. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவும் இல்லை.

நிலையத்துக்குப் போனோம். மன்னிப்பு ஒன்றும் வரவில்லை, அடுத்த வியாபாரம்தான் வந்தது. "கொழும்பில யூ.ஜீ.சி.க்குள்ள நமக்கு ஆள் இருக்கு. வேக்கன்சி ஃபில்லிங்கில பேராதனைக்கு மாத்தித் தாறம். ஒன்றரை லட்சம், பாதி இப்ப, பாதி கடிதம் வந்தாப் பிறகு." வேக்கன்சி ஃபில்லிங் என்கிற, சேராதவர்களின் இடங்களை நிரப்புகிற வேலையும் அதே இசட் புள்ளி வரிசையில், அதே விருப்ப ஒழுங்கில்தான் நடக்கும். இடையில் ஆள் வைத்து மாற்ற அங்கே ஒன்றும் இல்லை. நாங்கள் கொடுக்கவில்லை. ஆனால் அந்த வாங்கில் எங்களோடு காத்திருந்த ஒரு தாய், நிந்தவூர்ப் பக்கம், காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துப் பாதிக் காசு கட்டிவிட்டு வந்திருந்தார். அவருடைய மகன் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தவர். அவருக்கு மருத்துவம் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் சித்தியடைந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் அந்த வரிசைக்குள்ளேயே போகாது. இதை அந்தத் தாய்க்கு நான் சொன்னபோது அவர் என்னை நம்பவில்லை, சேரைத்தான் நம்பினார். இதை எழுத வைத்தது அதுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். விண்ணப்பத்தைத் தங்கள் போன் நம்பரையும் தங்கள் மின்னஞ்சலையும் கொடுத்துத்தான் திறப்பார்கள். கடவுச்சொல் அவர்கள் கையில், வருகிற எஸ்.எம்.எஸ். எல்லாம் அவர்களுக்கு. தங்கச்சி தன் விண்ணப்பத்தைத் தானே திறந்து பார்க்க முடியாமல் இருந்தாள். பார்த்திருந்தால் முடிவுத் திகதிக்கு முன்பே ஒழுங்கைத் திருத்தியிருக்கலாம். அந்தத் திகதி போனபின் ஒழுங்கை மாற்ற முடியாது. நாங்கள் மேன்முறையீடு அனுப்பியும் பார்த்தோம், சரிவரவில்லை.

எனவே தட்டச்சுக்கு மட்டும் கடைக்குப் போங்கள், நம்பரும் மின்னஞ்சலும் பிள்ளையுடையதாக இருக்கட்டும். சான்றிதழ் மூலப்பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். கைநூல் தமிழிலும் இருக்கிறது. தடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உங்கள் பிரிவுக்குரிய பகுதியை மட்டும் வாசித்தால் போதும். சந்தேகம் வந்தால் ஏ.எல் படிப்பித்த ஆசிரியரைக் கேளுங்கள், அல்லது வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) படிக்கிற பக்கத்து வீட்டு அண்ணனையோ அக்காவையோ பிடியுங்கள். போன வருடம் இதே படிவத்தை நிரப்பியவர்கள் அவர்கள். காசு கேட்க மாட்டார்கள்.

எங்களிடம் அந்தக் கால்வாசிச் சீட்டும், சிவப்புப் பேனை வட்டம் போட்ட பிரதியும், ஒன்றரை லட்சம் கேட்ட வட்ஸ்அப் குரல் பதிவும் இருக்கின்றன. இதே மாதிரிச் சீட்டோ குரல் பதிவோ உங்களிடமும் இருந்தால் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பலர் சேர்ந்து போனால்தான் இந்த முறைப்பாட்டைக் கையில் எடுப்பார்கள் போலிருக்கிறது.