அட்வெர்ப் கிளாஸுக்கு (adverb clause) மர்ஃபியின் நீல அட்டைப் புத்தகம் போதுமா?

ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' 1985-இல் முதலில் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் வெளியீடு. இங்கே பார்ப்பது 2019-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. மொத்தம் 145 யூனிட். ஒவ்வொன்றும் எதிரெதிரான இரண்டு பக்கம், இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. பாஸ்ட் டென்ஸுக்கும் ஆர்ட்டிகிளுக்கும் இதைப் பலர் பரிந்துரைத்துவிட்டார்கள். எப்போது, ஏன், எந்த நிபந்தனையில் என்று சொல்லி வினையை விளக்கும் துணை வாக்கியமான அட்வெர்ப் கிளாஸ் படிக்க உதவுமா என்பதே இங்கே கேள்வி.

உதவும். ஆனால் பொருளடக்கத்தில் 'அட்வெர்ப் கிளாஸ்' என்று தேடினால் எந்த யூனிட்டின் தலைப்பிலும் அது இருக்காது. பெயர்ச்சொல்லை விளக்கும் ரிலேட்டிவ் கிளாஸுக்கு 92 முதல் 96 வரை ஐந்து யூனிட் வரிசையாக, பெயரோடு இருக்கின்றன. அட்வெர்ப் கிளாஸோ 25, 38 முதல் 40, 64, 68, 113 முதல் 116 என்று சிதறிக் கிடக்கிறது. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பவருக்கு இவையெல்லாம் ஒரே குடும்பம் என்பதே புலப்படாது. புத்தகத்தின் பெரிய குறை இதுதான். அதனால் யூனிட் எண் வரிசையை மறந்துவிட்டு, 25, 113, 114, 115, 116, 64, பிறகு இஃப் வாக்கியங்களுக்கான 38 முதல் 40, கடைசியாக 68 என்ற வரிசையில் படியுங்கள்.

25-ஐ முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் அது. 'வென் ஐ வில் ரீச் சென்னை, ஐ வில் கால் யூ' என்று எழுதிவிடுகிறோம். இரண்டு செயலும் இனிமேல்தான் நடக்கப் போகின்றன, 'போய்ச் சேரும்போது' என்பதிலும் எதிர்காலம் ஒட்டியிருக்கிறது. ஆகவே இரண்டிலும் 'வில்' போடக் கை போகிறது. ஆங்கிலத்தில் வென், ஆஸ் சூன் ஆஸ், பிஃபோர், ஆஃப்டர், அன்டில் ஆகியவற்றுக்குப் பின்னால் சிம்பிள் பிரசென்ட். 'வில்' மெயின் கிளாஸில், அதாவது தனித்து நிற்கக்கூடிய முதன்மை வாக்கியத்தில் மட்டும். ஒரு வேலை முழுதாக முடிந்த பிறகே அடுத்தது என்றால் பிரசென்ட் பெர்ஃபெக்ட்: 'வென் ஐ ஹாவ் ஃபினிஷ்ட், ஐ வில் கால் யூ'. இந்த வேறுபாட்டை மர்ஃபி ஒரே பக்கத்தில் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்.

இதைப் படித்தவர்கள் அடுத்து வேறொரு தவறு செய்வார்கள்: வென் வந்த இடத்திலெல்லாம் 'வில்'லை வெட்டுவது. 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்' சரியான வாக்கியம்தான். மெயின் கிளாஸின் வினையைக் கேள்வி கேட்டுப் பாருங்கள். 'என்ன தெரியாது?' என்பதற்கு விடையாக வருவது பெயர்ச்சொல்லின் இடத்தில் நிற்கும் நவுன் கிளாஸ். அதில் 'வில்' நிற்கலாம். 'எப்போது கூப்பிடுவேன்?' என்பதற்கு விடையாக வருவது அட்வெர்ப் கிளாஸ், அதில் கூடாது. ஏன், எதற்காக, எந்த நிபந்தனையில் என்று கேட்டு மற்ற வகைகளையும் இப்படியே பிரித்துவிடலாம்.

113-இல் ஆல்தோ, டெஸ்பைட் இரண்டும் வருகின்றன. ஆல்தோவுக்குப் பின் சப்ஜெக்டும் வெர்பும் வேண்டும்; டெஸ்பைட், இன் ஸ்பைட் ஆஃப் இரண்டுக்கும் பின் நவுன் அல்லது ஐ.என்.ஜி. வடிவம். 'டெஸ்பைட் ஆஃப்' கிடையாது. ஆல்தோ போட்டுத் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' போடக் கூடாது. இரண்டில் ஒன்று போதும்.

புத்தகத்தின் மிகச் சிறந்த பக்கம் 114, இன் கேஸ். பல இலக்கண நூல்கள் ஓரிரு வரியில் கடந்துபோகும் விஷயத்துக்கு முழு யூனிட்டே கொடுத்திருக்கிறார். 'ஐ வில் பை கேண்டில்ஸ் இன் கேஸ் தி பவர் கோஸ்' என்றால் கரண்ட் போனாலும் போகலாம் என்று இப்போதே மெழுகுவத்தி வாங்கி வைப்பது. அதே இடத்தில் 'இஃப்' போட்டால் கரண்ட் போனால்தான் வாங்குவது. முதலாமவர் கரண்ட் போகாவிட்டாலும் வாங்கியிருப்பார். அலுவலக மின்னஞ்சலில் இவை இடம் மாறினால் வேலையே மாறிவிடும்.

115-இல் அன்லெஸ். அதற்குள்ளேயே எதிர்மறை இருப்பதால் 'அன்லெஸ் யூ டோன்ட் பே' என்றால் நினைத்ததற்கு நேர்மாறான பொருள் வந்துவிடும். 64-இல் ஸோ தட்டைப் பாருங்கள்: மெயின் கிளாஸ் நிகழ்காலமானால் பின்னால் கேன், வில், இறந்தகாலமானால் குட், வுட்.

68-ஐக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது கிளாஸை ஐ.என்.ஜி. போட்டுச் சுருக்கிய வடிவம். முழு கிளாஸ் கைவராமல் அதைத் தொட்டால் 'வாக்கிங் டு ஸ்கூல், தி ரெய்ன் ஸ்டார்ட்டட்' என்று எழுத நேரும். மழை பள்ளிக்கு நடந்துபோனதாகிவிடும். இரண்டு பகுதிக்கும் சப்ஜெக்ட் ஒன்றாக இல்லையென்றால் 'வைல் ஐ வாஸ் வாக்கிங்' என்று முழுதாகவே எழுதுங்கள்.

கமாவுக்கென்று தனி யூனிட் இல்லாதது ஏமாற்றம். அட்வெர்ப் கிளாஸ் முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் கமா, பின்னால் வந்தால் பொதுவாகத் தேவையில்லை. ஆல்தோ, வேரேஸ் பின்னால் வரும்போது மட்டும் கமா போடுவது வழக்கம். 'பிகாஸ்' கிளாஸை மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் எழுத்தில் அது முழு வாக்கியமாகாது.

தமிழ்நாட்டுப் பள்ளித் தேர்வுகளில் கேட்கப்படும் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் வாக்கிய மாற்றத்துக்கும் இதில் யூனிட் இல்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மாணவர்கள் அதற்கு ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலையோ பாடநூலையோ கூட வைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்காகவும் எழுத்துக்காகவும் படிக்கும் பெரியவர்களுக்கு மர்ஃபியே போதும். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித்தான் படிக்க முடியும் என்பவர்கள் மர்ஃபியின் சிவப்பு அட்டைப் புத்தகமான 'எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்'-இல் தொடங்கலாம்.

வாங்கும்போது அட்டையில் 'வித் ஆன்ஸர்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். விடை இல்லாத பதிப்பும் தனியாக விற்கிறது. அது ஆசிரியரோடு வகுப்பில் படிப்பவர்களுக்கானது. இரவல் வாங்குவதாக இருந்தால் வலப்பக்கங்கள் எழுதாமல் இருக்கின்றனவா என்றும் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.