கிணற்றுத் தண்ணீரா, மண்ணுக்குள் சுற்றும் குழாயா?

கனடாவில் ஸ்கார்பரோவை விட்டு ஒன்ராறியோ மாகாணத்து லின்ட்சே பக்கம் குடிபோனபோது, வீட்டோடு சேர்ந்து இரண்டு ஏக்கர் காணியும் சுவரோரம் ஒரு புரொப்பேன் தாங்கியும் எங்களுக்கு வந்தன. அந்த வீதிக்கு எரிவாயுக் குழாய் வரவில்லை. முதல் குளிர்காலத்து பில்லைப் பார்த்த பிறகு, நிலத்துச் சூட்டை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் போடுவது என்று மனைவியும் நானும் முடிவெடுத்தோம். அந்தச் சூட்டை எந்த வழியால் உள்ளே கொண்டுவருவது என்பதில்தான் இரண்டு மாதம் போனது.

ஒரு வழி, கிணற்றுத் தண்ணீரை இறைத்து இயந்திரத்துக்குள் விட்டு, அதிலுள்ள சூட்டை எடுத்த பிறகு வெளியே ஓட விடுவது. மற்ற வழி, காணியைக் கிண்டி நீளமான பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, உறையாத திரவம் ஒன்றை அதற்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்ற விடுவது. முன்னதை ஓப்பன் லூப் என்பார்கள், பின்னதை குளோஸ்ட் லூப். நாங்கள் போட்டது குளோஸ்ட் லூப். மூன்று குளிர்காலம் கடந்துவிட்டது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் போடுவேன்.

வீட்டுக்குள் நடக்கும் டக்ட் வேலை, அதாவது அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய் வேலை, இரண்டுக்கும் ஒன்றுதான். புரொப்பேன் ஃபர்னஸ் 50, 60 பாகைச் சூட்டில் காற்றைத் தள்ளும். ஹீட் பம்பிலிருந்து வருவது 35 பாகை அளவில்தான். ஆகவே கூடுதலான காற்று ஓட வேண்டும்: ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி. டன் என்பது இங்கே எடையல்ல, இயந்திரத்தின் வலுவைச் சொல்லும் அளவு. எங்களது 4 டன் இயந்திரம். பழைய டக்டில் காற்று திரும்பி வரும் பக்கம் ஒடுக்கமாக இருந்ததால் அதைப் பெருப்பித்து, உள்ளே சத்தம் உறிஞ்சும் உறை ஒட்டி, இயந்திரத்தோடு சேரும் இடத்தில் அதிர்வு கடத்தாத துணி இணைப்புப் போட்டார்கள். இதைச் செய்யாமல் விட்டால், எந்த லூப் போட்டாலும் காற்று இரையும், மூலை அறைகள் குளிரும்.

கிணற்று முறையின் கவர்ச்சி உண்மையானது. கிணறு ஏற்கனவே இருந்தது. காணியைக் கிண்டத் தேவையில்லை. எங்களுக்குக் கிடைத்த மதிப்பீடுகளில் அது பதினோராயிரம் டாலர் குறைவு. புதுப் பரிசோதனையும் அல்ல: ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லன்டில் 1948இல் கட்டிய ஈக்விட்டபிள் கட்டடம் கிணற்று நீரை வைத்துத்தான் ஹீட் பம்பை ஓட்டியது. இயந்திரத்தின் விவரத்தாளிலும் கிணற்று முறைக்கே செயல்திறன் எண், அதாவது எடுக்கும் மின்சாரத்தைப் போல எத்தனை மடங்கு சூடு தருகிறது என்ற எண், அதிகம். கிணற்று முறையை 10 பாகைத் தண்ணீரிலும், புதைத்த குழாயை 0 பாகைத் திரவத்திலும் சோதிப்பதால் வரும் வித்தியாசம் அது. சோதனை நியாயமானதுதான், இந்தப் பக்கத்துக் கிணற்று நீர் வருடம் முழுக்க 9 பாகை அளவில் நிற்கும், புதைத்த குழாயோ மாசி மாதத்தில் பூச்சியத்துக்குக் கிட்ட வந்துவிடும். ஆனால் ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்கும் பம்பின் மின்சாரம் அந்த எண்ணுக்குள் இல்லை. அதைக் கூட்டிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துவிடுகின்றன.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இன்னும் திட்டமாகச் சொன்னால், தண்ணீர் எதை விட்டுச் செல்கிறது, எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகள்.

நான் கோப்பாயில் வளர்ந்தவன். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரை ஆறு மாதம் கொதிக்க வைத்த கேத்தலைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைப் படிவு தெரியும். அம்மா பழப்புளி போட்டு ஊறவைத்துத்தான் தேய்ப்பார். லின்ட்சேயும் சுண்ணாம்புக்கல் நிலம். அந்த ஊரின் பெயரிலேயே ஒரு சுண்ணாம்புப் பாறைப் படை உண்டு. எங்கள் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுத்தபோது கடினத்தன்மை லிட்டருக்கு 340 மில்லிகிராம் என்று வந்தது. இரும்பும் இருந்தது. இந்தத் தண்ணீர் இயந்திரத்தில் சூட்டை வாங்கும் உலோகச் சுருளுக்குள் வருடக்கணக்கில் ஓடப்போகிறது என்றதும் எனக்கு அந்தக் கேத்தல்தான் நினைவுக்கு வந்தது.

கிணற்று முறைக்கென்று செம்பு நிக்கல் கலந்த சுருள் போட்டுத் தருகிறார்கள். அது அரிப்பைத் தாங்கும், படிவைத் தடுக்காது. மெல்லிய படிவு பிடித்தாலே சூடு கடப்பது குறைகிறது. தண்ணீரை நிறுத்தும் வால்வை வெளியேறும் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதுகூட இதற்காகத்தான். உள்ளே வரும் பக்கத்தில் வைத்தால், இயந்திரம் நிற்கும்போது சுருளுக்குள் அழுத்தம் விழுந்து, கரைந்திருந்தவை அங்கேயே படியும். எங்களுக்கு இரண்டு வீதி தள்ளி ஒரு விவசாயி வீட்டில் கிணற்று முறைதான் ஓடுகிறது. அவர் தன் பேஸ்மென்டில் ஒரு வாளி, சிறிய பம்ப், அமிலக் கலன் மூன்றையும் காட்டினார். வருடா வருடம் இலையுதிர் காலத்தில் சுருளைக் கழுவுகிறார். வடிகட்டியை மாதம் ஒருமுறை பார்க்கிறார். கைவேலை தெரிந்த மனிதர், அவருக்கு அது பாரமில்லை. எழுபது வயதில் நான் அதைச் செய்துகொண்டிருப்பேனா என்று யோசித்தேன்.

அடுத்த கேள்வியைக் கேட்டது மனைவியின் தம்பி. திட்டத்தை மேசையில் விரித்துக் கதைத்துக்கொண்டிருந்தபோது, "அத்தான், அந்தத் தண்ணி எங்கை போகும்?" என்றான். கணக்குப் பார்த்தோம். 4 டன்னுக்கு நிமிடம் ஏறத்தாழ 30 லிட்டர் வேண்டும். மணிக்கு 1,800. கடும் குளிர் நாளில் 15 மணித்தியாலம் ஓடினால் 27,000 லிட்டர். ஒன்ராறியோவில் அனுமதி கேட்கும் 50,000 லிட்டர் எல்லைக்குள்தான் அது. ஆனாலும் அதை எங்காவது விட வேண்டுமே. வீதியோரக் கானில் விட்டால் உறைந்து பனிக்கட்டி மேடாகும். ஓடையில் விடுவதென்றால் நீர்ப் பாதுகாப்பு அதிகார சபையிடம் போக வேண்டும். இன்னொரு கிணறு தோண்டி நிலத்துக்கே திருப்பிவிடலாம்; அப்போது மிச்சம் பிடித்த காசு முழுக்க அந்தக் கிணற்றில் போய்விடும். ஊரில் இறைத்த தண்ணீர் வெங்காயத்துக்குப் போனது. இங்கே குடிக்கிற தண்ணீரை இறைத்துக் கானில் விட எனக்கு மனம் வரவில்லை.

குளோஸ்ட் லூப்பின் பாரம் முழுக்க முதல் வாரத்தில்தான். நான்கு நீள் கிடங்குகள், ஒவ்வொன்றும் 300 அடி நீளம், 6 அடி ஆழம். இங்கே உறைபனி 4 அடி வரை இறங்கும், அதற்குக் கீழே போவதற்காகவே அந்த ஆழம். ஒவ்வொரு கிடங்கிலும் குழாய் போய்த் திரும்பி 600 அடி. மூட்டுகளைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, இரு முனைகளையும் உருக்கி ஒன்றாக்குகிறார்கள். மண் மூடும் முன் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். மானியை நின்று பார்க்காமல் யாரையும் மண் தள்ள விடாதீர்கள். பிறகு பெரிய பம்ப் வைத்துக் காற்றுக் குமிழி போகும்வரை குழாயை அலசினார்கள். பேஸ்மென்டுக்குள் வரும் குழாய்களுக்கு நுரை இறப்பர் உறை அவசியம், இல்லாவிட்டால் மாசியில் வெளிப்புறம் வியர்த்து உறையும். காணி சிறிதென்றால் செங்குத்தாகத் துளையிடலாம். 5 மீட்டருக்கு மேல் ஆழமென்றால் மாகாண சுற்றுச்சூழல் அனுமதி எடுக்க வேண்டும், செலவும் ஏறும். எங்களுக்கு இடம் இருந்தது, களிமண்ணும் ஆழமாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. அடுத்த வசந்தத்தில் கிடங்குகள் அமர்ந்து, புல்வெளி பாத்தி கட்டிய தோட்டம் போலக் கிடந்தது; இரண்டு லொறி மண் கொட்டினோம். கோடையில் குளிரூட்டும்போது வடியும் நீரின் குழாயில் வளைவுப் பொறி, அதாவது தண்ணீர் தங்கி நின்று காற்றை மறிக்கும் வளைந்த துண்டு, வைக்காமல் போயிருந்தார்கள். விசிறி உள்ளே இழுக்கும் காற்று தண்ணீரை வடிய விடாமல் தட்டிலேயே நிறுத்தியது, ஜூலையில் தட்டு நிரம்பித் தரையெல்லாம் ஈரம். பொறி வைத்து, அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்த பிறகு சரியானது. எந்த லூப் என்றாலும் இதை முதல் நாளே பாருங்கள்.

மூன்று குளிர்காலத்தை வைத்து முப்பது வருடத்துக்கு உறுதி சொல்ல நான் வரவில்லை. சுற்றும் பம்ப் ஒருநாள் மாற்ற வேண்டி வரும். உங்கள் கிணற்று நீர் மென்மையாக இருந்து, காணியின் தாழ்ந்த பக்கத்தில் சொந்தக் குளமும் இருந்தால், பதினோராயிரம் டாலரை மிச்சம் பிடிப்பதில் தவறில்லை. தண்ணீரைச் சோதித்த பிறகு மட்டும்.

மண் மூடும் முன் ஒவ்வொரு கிடங்குக்குள்ளும் அளவுநாடாவை விரித்துப் படம் எடுத்தோம். வீட்டு மூலையிலிருந்து தூரம் குறித்த வரைபடமும் இருக்கிறது. போன வருடம் வேலி நட ஆட்கள் வந்தபோது, முதல் கம்பை ஊன்ற முன் அதை விரித்துக் காட்டினேன்; அவர்கள் குறித்து வைத்திருந்த மூன்றாவது குழி நேராகக் குழாய்க்கு மேல்.